ஏரிக்கு எந்த மாதம் கேமராவோடு போவது?

செங்கல்பட்டுப் பக்கம் வீடு, கையில் 18-55 மி.மீ., 55-250 மி.மீ. என்று இரண்டு லென்ஸோடு ஒரு கேமரா, ஊரைச் சுற்றி ஏரிகள். “வெளிநாட்டுப் படங்களில் ஒரே ஏரி பருவத்துக்குப் பருவம் வேறு வேறாகத் தெரிகிறது. நமக்கு இலையுதிர் காலமும் இல்லை, பனிப்பொழிவும் இல்லை. எந்த மாதம் போனால் நல்ல படம் கிடைக்கும்? பறவைகளுக்கு 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் முடியாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். லென்ஸ் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பருவம்.

நமக்கும் பருவம் உண்டு. அதை மரத்தில் தேடினால் கிடைக்காது, நீர்மட்டத்தில் தேட வேண்டும். உங்கள் ஊர் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் நடுவே ஒரு குட்டை, சுற்றிலும் புல், மேயும் மாடுகள். நல்ல மழை பெய்த கார்த்திகையில் அதே ஏரி கரையைத் தொட்டுக்கொண்டு கலங்கல் வழியே வழிகிறது. மாசியில் முழங்கால் ஆழம், ஓரமெல்லாம் சேறு, சேறெல்லாம் பறவை. வைகாசியில் வெடித்த தரை. ஒரே இடத்தில் நின்று எடுத்தால்கூட இந்த நான்கும் நான்கு ஊர்ப் படங்கள் போலத்தான் இருக்கும். ஆகவே நாட்காட்டியைப் பார்த்து மாதத்தை முடிவு செய்யாதீர்கள். மதகுப் பக்கம் போய்த் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். மழை முந்தினால் எல்லாம் முந்தும், பொய்த்தால் அந்த வருடத்துக் கணக்கே வேறு.

ஆறுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொடுக்கிறது. வட மாவட்ட ஏரிகள் அதை நம்பி இருப்பவை. காவிரிக்குத் தண்ணீர் வருவது குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாளே ஜூன் 12. உங்கள் ஏரி காய்ந்து கிடக்கும் ஆடியில் காவிரி இரு கரையும் தொட்டு ஓடக்கூடும். ஒன்றுமில்லை என்று நீங்கள் கேமராவை அலமாரியில் வைக்கும் அந்த மாதத்தில்தான் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் போக வேண்டும்.

அடுத்தது, எங்கே நிற்பது. மாதத்தைவிட இது முக்கியம் என்பேன். நம் சமவெளி மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. ஓடிவரும் தண்ணீரைத் தாழ்ந்த பக்கத்தில் மறித்துத்தான் கரை போடுவார்கள். அதனால் பல ஏரிகளில் பெரிய கரை கிழக்கே இருக்கும், நீர்ப்பரப்பு மேற்கே விரியும். காலையில் அந்தக் கரையில் நின்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். பறவையின் இறகும் கண்ணும் தெளிவாக வரும். மாலையில் அதே இடத்தில் சூரியன் எதிரே தண்ணீரில் இறங்கும். பனைமரமும் வலை இழுப்பவரும் நிழலுருவமாக வருவார்கள். உங்கள் ஏரிக்குக் கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று செயற்கைக்கோள் வரைபடத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பாதி ஏமாற்றம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சூரியனும் ஒரே இடத்தில் எழுவதில்லை. மார்கழியில் நேர் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே தள்ளி எழும். ஆனியில் அதே அளவு வடக்கே தள்ளி எழும். மார்கழியில் ஒற்றைப் பனைக்குப் பின்னால் சரியாக எழுந்த சூரியன் பங்குனியில் அந்தப் பனைக்குப் பக்கத்திலேயே இருக்காது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் நாள் முழுக்கத் தென்வானில் தாழ்வாகவே நகரும். வடக்கே பார்த்து நின்றால் பத்து மணிக்குக்கூட வெளிச்சம் பயன்படும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னை, செங்கல்பட்டுப் பகுதியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். எட்டரை மணிக்கு மேல் பையை மூடிவிடலாம்.

இன்னொன்று. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் பொன்னிற வெளிச்சம் இருக்கும் என்று நீங்கள் பார்க்கும் காணொளிகளில் சொல்லியிருப்பார்கள். அது வடக்கே தொலைவில் இருக்கும் நாடுகளின் கணக்கு. நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயர அரை மணி நேரம்கூட ஆகாது. ஜனவரியில் செங்கல்பட்டில் ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் எழுகிறது என்றால் ஐந்தே முக்காலுக்கு நீங்கள் கரையில் இருக்க வேண்டும், கேமராவைத் தயார் நிலையில் வைத்துக்கொண்டு.

இனி மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் பலரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். காற்றழுத்தத் தாழ்வுநிலை ஒன்று கடந்து போன மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, காற்றில் தூசி கழுவப்பட்டு, பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குன்றின் பாறை விளிம்புகூடத் தெரியும். அந்தத் தெளிவு வருடத்தில் சில நாள்தான். மேகமும் கலைந்து கலைந்து நிற்கும். அகலக் கோண லென்ஸை வெளியே எடுக்க வேண்டிய நேரம் இது.

ஏரி நிரம்பினால் நேரே கலங்கலுக்குப் போங்கள். மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கட்டிய அந்தக் கல்சுவரின் மேல் தண்ணீர் முதலில் ஒரு கண்ணாடித் தகடாக வளைந்து வருகிறது, விளிம்பு தாண்டியதும் நூல் நூலாகப் பிரிகிறது, கீழே கல்லில் விழுந்து பால்நுரையாகிறது. மூன்றும் ஒன்றரை அடி உயரத்துக்குள் நடந்துவிடுகின்றன. ஷட்டரை 1/1000 நொடிக்கு வைத்தால் ஒவ்வொரு துளியும் உறைந்து நிற்கும், ஆனால் அந்தக் கண்ணாடி வளைவு நொறுங்கிப்போகும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டுப் பத்து நொடி, இருபது நொடி என்று இழுத்தால் எல்லாம் பஞ்சாகிவிடும். கார்த்திகை வெள்ளத்தின் வேகம் அதில் இருக்காது. 1/4 நொடியிலிருந்து 1/8 நொடிக்குள் வையுங்கள். வளைவும் நிற்கும், நூல்களும் தெரியும், நுரையின் பாய்ச்சலும் இருக்கும். முக்காலி வேண்டும். தண்ணீரில் வெள்ளைப் பகுதி வெளுத்துப் போகாமல் இருக்க வெளிச்சத்தைச் சற்றே குறைத்து எடுங்கள். எதிர்த்து ஏறும் மீனுக்காக வீச்சுவலையோடு நிற்பவர்கள் இருந்தால் அதற்கு மட்டும் 1/1000; வலை வட்டமாக விரியும் கணத்தைப் பிடிக்க, தோள் திரும்பும்போதே விரலை அழுத்திவிட வேண்டும். “எடுக்கலாமா அண்ணே?” என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே கேட்டுவிட்டால் அவர்களே அடுத்த வீச்சை உங்களுக்காகத் திரும்பி வீசுவார்கள்.

கலங்கல் கல் பாசி பிடித்து வழுக்கும். அதன் மேல் நடந்து மறுகரை போவது வழக்கம்தான், கேமராவோடு வேண்டாம்.

மார்கழி, தை மாதங்களில் வருவது மூடுபனி. எல்லா நாளும் வராது. முந்தின நாள் மாலை வானம் துப்புரவாக இருந்து, காற்று அடங்கி, தரையில் ஈரமும் இருந்தால் நம்பிக்கையோடு அலாரம் வையுங்கள். மேகம் போர்த்திய இரவில் தரையின் சூடு வெளியேறாது, பனியும் சரியாகக் கட்டாது. மூடுபனியைக் கேமராவின் கணக்குக்கு விட்டால் சாம்பலாக்கிவிடும்; ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டி எடுங்கள். பனிக்கு முன்னால் அழுத்தமாக ஏதாவது ஒன்று வேண்டும், ஒரு கருவேல மரமோ கட்டிப்போட்ட தோணியோ. இல்லாவிட்டால் வெறும் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும்.

காற்றில்லாத அந்தக் காலைகளில்தான் பிரதிபலிப்பும் சுத்தமாக அமையும். இங்கே அடிக்கடி நடக்கும் இரண்டு தவறுகள். ஒன்று, தண்ணீரின் மேற்பரப்பில் ஃபோகஸ் செய்வது. தண்ணீருக்குள் தெரியும் மரத்தின் பிம்பம் அந்த மரம் இருக்கும் தொலைவிலேதான் ஃபோகஸாகும். மரத்தின் மேல் ஃபோகஸ் வையுங்கள், பிம்பம் தானே தெளியும். இரண்டு, லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரை எப்போதும் மாட்டியே வைத்திருப்பது. அது மினுமினுப்பை வெட்டுவது போலப் பிரதிபலிப்பையும் வெட்டும். தண்ணீரைச் சுமார் 37 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கும்போது அதன் வேலை உச்சத்தில் இருக்கும். அடியில் கூழாங்கல் தெரிய வேண்டுமா, ஆம்பல் இலையின் பளபளப்பைக் குறைக்க வேண்டுமா, மாட்டுங்கள். பிம்பம் வேண்டுமானால் கழற்றுங்கள். கேமராவைத் தண்ணீருக்கு எவ்வளவு பக்கமாகத் தாழ்த்துகிறீர்களோ பிம்பம் அவ்வளவு அழுத்தமாக வரும். பிம்பம் எப்போதும் அசலைவிடக் கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். கணினியில் இரண்டையும் சமமாக்கினால் கண் உடனே பொய் என்று சொல்லிவிடும்.

உங்களுக்கு வேடந்தாங்கல் பக்கம்தான். ஏறக்குறைய 30 ஹெக்டேர் ஏரி, தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள், கருவேல மரங்கள். மரத்தைச் சுற்றித் தண்ணீர் இருப்பதுதான் கூடுகளுக்குக் காவல். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்ட ஊர் மக்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்கள். 2022ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நவம்பருக்குப் பின் நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் கூடுகட்டத் தொடங்கும். ஜனவரி, பிப்ரவரியில் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் காட்சி கிடைக்கும். அங்கே எல்லாரும் மரம் நிறைய இருக்கும் பறவைகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நீங்கள் ஒரே ஒரு கிளையைத் தேர்ந்து ஒரு மணி நேரம் அதையே பாருங்கள். சுள்ளியோடு வரும் பறவை ஏறக்குறைய ஒரே பாதையில்தான் திரும்பத் திரும்ப வரும். மூன்றாம் முறை வரும்போது நீங்கள் 1/1600 நொடியில் காத்திருக்கலாம்.

வெள்ளைப் பறவைக்கு வெளிச்சக் கணக்கு தனி. இருண்ட தண்ணீருக்கு எதிரே கொக்கு நின்றால் கேமரா இருட்டைப் பார்த்துக் கூட்டிவிடும், கொக்கின் இறகு சுண்ணாம்பாகும். ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள். வெளுத்த வானத்தில் பறந்தால் நேர் எதிர், கூட்டுங்கள்.

நத்தைக்குத்தி நாரையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வேடந்தாங்கலுக்கு வெளியே உங்கள் வயலோரத்திலேயே அது கிடைக்கும். அதன் மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் சேராது. இடைவெளி வழியே வெளிச்சம் தெரியும். பக்கவாட்டில், அலகுக்குப் பின்னால் வெற்று வானமோ தெளிந்த தண்ணீரோ இருக்கும்படி நின்றால்தான் அந்த இடைவெளி படத்தில் பதியும். நத்தையை அது பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே வைத்துச் சதையைப் பிரித்துவிடும். முகம் முங்கிக் கிடக்கும்போது நிறைய பேர் சலித்துப் போய்விடுகிறார்கள். கழுத்தின் அசைவு நின்றதும் தயாராகுங்கள். தலை மேலே வரும், சதை அலகின் நுனியில் ஒரு நொடி தொங்கும், பிறகு விழுங்கிவிடும்.

ஒரு மாதத்தை மட்டும் சொல் என்று வற்புறுத்தினால் மாசி என்பேன். பெரும்பாலானோர் மார்கழியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏரி நிறைய ஆழமாகத் தண்ணீர் இருக்கும்போது நடந்து இரை தேடும் பறவைகளுக்கு அங்கே வேலை இல்லை. தண்ணீர் இறங்க இறங்க மீனெல்லாம் குழிகளில் ஒதுங்கும். அப்போது மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கொக்கும் கரண்டிவாயனும் ஒரே குழியில் சேர்ந்து நிற்கும். மஞ்சள்மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும்; அதன் வேட்டை கண்ணால் நடப்பதைவிடத் தொடுகையால் நடப்பது. பள்ளிக்கரணையிலும் இதே கதைதான்: மழை முடிந்த கையோடு போனால் தொலைவில் புள்ளிகள், பிப்ரவரி, மார்ச்சில் போனால் சாலையோரத்திலேயே பறவைகள். சுற்றிலும் கட்டடங்கள் வருகின்றனவே என்று பலர் அவற்றை வெட்டிவிடப் பார்க்கிறார்கள். வெட்டாதீர்கள். பெருநகரத்தின் நடுவே மிஞ்சியிருக்கும் சதுப்புநிலம் அது. கண்ணாடி மாடிகளுக்கு முன்னால் நீலத்தாழைக்கோழி நிற்பதுதான் அந்த இடத்தின் உண்மைப் படம்.

இந்த மாதத்தில் உயரத்திலிருந்து எடுக்காதீர்கள். கரைச் சரிவில் ஒரு துண்டை விரித்துப் படுத்து, பறவையின் கண்மட்டத்துக்கு லென்ஸைக் கொண்டுவாருங்கள். பின்னணி தூரப் போய் மெல்லிய நிறமாகிவிடும். சின்ன லென்ஸிலும் இது வேலை செய்யும்.

வெயில் காலம் பறவைக்கு உரியதில்லை, மண்ணுக்கு உரியது. வண்டல் காய்ந்து வெடிக்கும்போது ஒவ்வொரு சில்லும் விளிம்பில் மேல்நோக்கிச் சுருளும். சூரியன் தாழ்ந்திருக்கும் முதல் இருபது நிமிடத்தில் அந்த விளிம்புகள் நிழல் விழுத்தும், பிறகு எல்லாம் தட்டையாகிவிடும். வெடிப்பில் மாட்டிய நத்தை ஓடு, மாட்டின் குளம்புத்தடம், போன மழையில் மிதந்து வந்த தெர்மாகோல் எல்லாம் அந்த வருடத்தின் பதிவுகள். நீண்ட லென்ஸைச் சூடான தரைக்கு மேல் நீட்டினால் கானல் அலை படத்தைக் குழப்பிவிடும். லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம், எட்டு மணிக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள் அல்லது கிட்டே போங்கள். நீர் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்குள், பண்ணவாடிப் பக்கம், மூழ்கிய ஊர்களின் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தலை காட்டும். 1934ல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 120 அடி. அதே அணையை நிரம்பியபோது ஒருமுறை, வற்றியபோது ஒருமுறை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஆடியில் காவிரி. முதலில் வரும் வெள்ளம் செம்மண் நிறத்தில் இருக்கும். அதை நீலமாக்க முயலாதீர்கள், போலரைசரால் மேலிருக்கும் வெள்ளை மினுக்கை மட்டும் எடுத்துவிட்டால் அந்தப் பழுப்பு அடர்ந்து அழகாக வரும். பதினெட்டாம் பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் போன்ற படித்துறைகளில் ஆற்றைவிட மனிதர்கள்தான் படம்: முளைப்பாரி, மஞ்சள் கயிறு கட்டும் கைகள், காதோலை கருகமணி. குளிப்பவர்கள் பக்கம் லென்ஸைத் திருப்பவே கூடாது. புரட்டாசி, ஐப்பசியில் கொள்ளிடக் கரையில் நாணல் பூக்கும். சூரியனை எதிரே வைத்து எடுத்தால் ஒவ்வொரு பூவும் விளிம்பில் ஒளிரும். அணைகளிலிருந்து தண்ணீர் திறப்பதைப் பொறுத்து ஆற்று மட்டம் சட்டென்று ஏறும். ஆற்றின் நடுவே மணல் திட்டில் முக்காலி போட்டு நிற்பதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். வெள்ள எச்சரிக்கை இருக்கும் நாளில் ஆற்றுக்குள் இறங்காதீர்கள், பாலத்திலிருந்தும் படித்துறையின் மேல் படியிலிருந்தும் எடுங்கள்.

உறைபனி வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் நீலகிரியின் தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற தாழ்வான புல்வெளிகளில் புல் நுனியெல்லாம் வெள்ளையாகும். வெயில் பட்ட சில நிமிடங்களில் போய்விடும். பிச்சாவரத்துக்கு வெயிலைவிட மேகமூட்டமே நல்லது, சுரபுன்னைக் கால்வாய்க்குள் வெளிச்சமும் நிழலும் அடித்துக்கொள்ளாது. வேர்கள் தெரிய வேண்டுமானால் கடல் ஓதம் இறங்கிய நேரத்தில் படகு ஏறுங்கள்.

கூடுகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தாய்ப் பறவை எழுந்து நின்றுவிட்டால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள். அது விலகிய சில நிமிட வெயிலில் முட்டை கெடலாம், காகம் வந்துவிடலாம். கிளையை ஒதுக்குவது, கல்லெறிந்து பறக்கவிடுவது, பறவைக் குரலைப் போனில் ஒலிக்கவிடுவது எதுவும் வேண்டாம். சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் டிரோன் விடக் கூடாது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நாம் ஒரு படத்தை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை.

லென்ஸ். 600 மி.மீ. இப்போது வாங்காதீர்கள். உங்கள் 55-250, கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் ஏறக்குறைய 400 மி.மீ. லென்ஸின் கோணத்தைத் தருகிறது. மாசி மாத ஏரிக்கும் வயலோரக் கொக்குக்கும் அது போதும். அந்தப் பணத்தில் ஒரு நல்ல முக்காலி, ஒரு போலரைசர், ஒரு ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள். மிச்சத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத ஒரு டப்பா; மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் அதைச் சரிசெய்யும் செலவு அதிகம். விடியலில் ஏ.சி. அறையிலிருந்தோ காரிலிருந்தோ கேமராவை நேரே வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படர்ந்து, நல்ல வெளிச்சமெல்லாம் துடைப்பதிலேயே போய்விடும். கரைக்கு வந்ததும் பையை மூடியபடியே கால் மணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுப் பிறகு திறவுங்கள். அதற்குள் நீங்கள் மதகு வரை ஒரு நடை போய், தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று தேதியோடு குறித்துக்கொண்டு வந்துவிடலாம்.